கல்யாண மண்டபம் பற்றி மாமன்றத்தில் பேசியாகிவிட்டது. பிறகும் ஏன் ஒன்றும் நடக்கவில்லை?

கேள்வியின் சுருக்கம் இது: சென்னையில் ஒரு குடியிருப்புத் தெருவில் கல்யாண மண்டபம். முகூர்த்த நாட்களில் எச்சில் இலை தெருமுனையில் குவிகிறது, தெருவின் இருபுறமும் வண்டிகள் நிற்கின்றன, நள்ளிரவு வரை பாட்டு, கூடவே ஜெனரேட்டர் இரைச்சல். கவுன்சிலரிடம் குடியிருப்போர் இரண்டு முறை மனு கொடுத்துவிட்டார்கள். "மாமன்றத்தில் பேசிவிட்டேன்" என்கிறார் அவர். மாதங்கள் ஓடிவிட்டன. இதற்கென்று மாநகராட்சியைத் தனி விதி கொண்டுவர வைக்க முடியுமா என்பது கேட்டவரின் சந்தேகம்.

முடியும். ஆனால் உங்களுக்கு இப்போது தேவை புது விதி இல்லை. நீங்கள் சொல்லும் நான்கு தொல்லைகளுக்கும் விதிகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவை நான்கு வெவ்வேறு அலுவலகங்களின் கையில் இருக்கின்றன என்பதுதான் சிக்கல். ஒரே மனுவில் நான்கையும் எழுதிக் கவுன்சிலரிடம் கொடுத்தால், அது போய்ச் சேரும் ஒவ்வொரு மேசையும் மற்ற மூன்றைக் காட்டி "எங்கள் வரம்பில் இல்லை" என்று நகர்த்திவிடும். முதல் வேலை, மனுவை நான்காகப் பிரிப்பது.

குப்பை மாநகராட்சியுடையது. நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் கழிவு உண்டாக்கும் இடத்தைத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-லிருந்தே மொத்தக் கழிவு உண்டாக்குபவர் என்று தனியாக வகைப்படுத்துகின்றன. ஐந்நூறு பேர் சாப்பிடும் ஒரு கல்யாணத்தில் இலையும் மிச்ச சாப்பாடும் சேர்ந்து அந்த அளவைச் சுலபமாகத் தாண்டிவிடும். அப்படிப்பட்ட இடம் கழிவைத் தரம் பிரித்து, மக்கும் கழிவை முடிந்தவரை தன் வளாகத்திலேயே கையாள வேண்டும். தெருமுனைத் தொட்டி அதற்கானது அல்ல. சென்னை மாநகராட்சிக்கென்று 2019-ல் திடக்கழிவுத் துணை விதிகளும் வந்தன. பொது இடத்தில் குப்பை கொட்டுவதற்கான அபராதத்தை 500 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக 2024-ல் உயர்த்தினார்கள்.

ஒலிபெருக்கி காவல் துறையின் பொறுப்பு. ஒலி மாசு விதிகள் 2000-ன்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. கவுன்சிலர் இதில் செய்யக்கூடியது ஆய்வாளருக்குப் போன் போடுவது மட்டும்தான். அதை நீங்களே பாட்டு ஓடும் நேரத்தில் 100-க்கோ 112-க்கோ அழைத்துச் செய்யலாம். உங்கள் அழைப்புக்குத் தரும் பதிவு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் விஷயம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு. ஒலி தடுப்புக் கூண்டுக்குள் இருக்க வேண்டும், கூண்டிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது நெடுநாளைய அளவுகோல். கூண்டுக் கதவைக் காற்றுக்காகத் திறந்து வைத்து ஓட்டுவதுதான் வழக்கமான மீறல். திறந்த கதவோடு ஒரு படம் எடுத்து மனுவோடு இணையுங்கள்.

தெருவில் நிற்கும் வண்டியை எடுக்கச் சொல்வது போக்குவரத்துக் காவல். ஆனால் இந்த நான்கில் நான் மிக முக்கியமாக நினைப்பது இதன் அடியில் இருக்கும் கேள்வியை: மண்டபத்துக்குள் வண்டி நிறுத்த இடம் ஏன் இல்லை? இந்த அளவு மண்டபத்துக்கு வரைபட அனுமதி கொடுக்கும்போது வாகன நிறுத்தத்துக்கு இடம் காட்டியிருப்பார்கள். அந்த இடம் பிறகு சமையல்கூடமாகவோ பந்தியாகவோ மாறியிருக்கும். அனுமதித்த வரைபடத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கி, தரைத்தளத்தை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாறுபாடு இருந்தால் நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ன் 56, 57-ஆம் பிரிவுகளில் நோட்டீஸ் கொடுக்கவும் பூட்டி முத்திரை வைக்கவும் அதிகாரம் இருக்கிறது. அனுமதி கொடுத்தது மாநகராட்சியா, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமா (சிஎம்டிஏ) என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். மனு அங்கேதான் போக வேண்டும். நூறு முறை அபராதம் போடுவதைவிட ஒரு வரைபட நகலுக்கு மண்டபக்காரர் அதிகம் பயப்படுவார், ஏனென்றால் அது அவருடைய தொழிலையே தொடுகிறது. நோட்டீசை எதிர்த்து அவர் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம், அதில் மாதக்கணக்கில் இழுக்கலாம் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கவுன்சிலர் "பேசிவிட்டேன்" என்று சொன்னதற்கு வருவோம். அவர் பொய் சொல்லவில்லை. மாமன்றத்தில் பேசுவதற்கும் மாமன்றம் முடிவெடுப்பதற்கும் நடுவில் இருக்கும் தூரம் வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. கேள்வி நேரத்திலோ நேரமில்லா நேரத்திலோ (ஜீரோ அவர்) உறுப்பினர் ஒருவர் எழுந்து பேசுவது நடவடிக்கைக் குறிப்பில் ஏறும். மேயரோ ஆணையரோ "நடவடிக்கை எடுக்கப்படும்" என்பார். அதோடு சரி, யாருக்கும் உத்தரவு போவதில்லை. பொருள் நிரலில் ஒரு எண்ணோடு வைக்கப்பட்டு நிறைவேறியதுதான் தீர்மானம். அதற்குத் தீர்மான எண்ணும் தேதியும் இருக்கும், துறையின் ந.க.எண் (கோப்பு எண்) இருக்கும், செலவு இருந்தால் எந்தத் தலைப்பில் என்றும் எழுதியிருக்கும். எனவே கவுன்சிலரிடம் "பேசினீர்களா" என்று கேட்காதீர்கள். "தீர்மான எண் என்ன, தேதி என்ன" என்று கேளுங்கள். எண் இல்லையென்றால் தீர்மானம் இல்லை, இனிமேல்தான் வர வேண்டும்.

தீர்மானம் வந்தாலும் நிறைவேற்றுவது ஆணையர். அவர் மாநில அரசு நியமிக்கும் அதிகாரி. கவுன்சிலரால் உதவிப் பொறியாளருக்கோ சுகாதார ஆய்வாளருக்கோ கட்டளை இட முடியாது, அபராதமும் போட முடியாது. அவரால் முடிவது இரண்டு. ஒன்று, மண்டலக் குழுவிலும் (ஒரு மண்டலத்தின் கவுன்சிலர்கள் கூடும் குழு) மாமன்றத்திலும் பொருள் நிரலில் சேர்க்கும்படி எழுதிக் கொடுப்பது. மற்றொன்று, தன் வார்டு மேம்பாட்டு நிதியிலிருந்து வேலை பரிந்துரைப்பது. சென்னையில் இந்த நிதி 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் வார்டுக்கு 60 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. தெருமுனையில் கண்காணிப்புக் கேமரா, விளக்கு, கொட்டும் இடத்தை அடைத்துச் சிறு நடைபாதை எல்லாம் இதில் செய்யக்கூடியவை. ஆனால் பணச் செலவுள்ள எதற்கும் மதிப்பீடு தயாராக வேண்டும், நிர்வாக அனுமதி வேண்டும், டெண்டர் விட வேண்டும். தமிழ்நாட்டின் டெண்டர் விதிகளில் இரண்டு கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்கே குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். யாரும் டெண்டர் போடவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து. "தீர்மானம் ஆகிவிட்டது, வேலை தொடங்கவில்லை" என்ற நிலையில் எதில் நிற்கிறது என்று கேட்டால் பதில் அநேகமாக மூன்றில் ஒன்று: மதிப்பீடு போடவில்லை, டெண்டருக்கு ஆள் வரவில்லை, ஒப்பந்ததாரருக்குப் பணி ஆணை கொடுத்தும் அவர் வரவில்லை. எது என்று தெரிந்தால்தான் யாரைப் பிடிப்பது என்று தெரியும்.

மாநகராட்சியின் 1913 என்ற புகார் தொலைபேசி எண்ணில் புகார் பதிந்து, "தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வருவதில் உங்களுக்கு ஆத்திரம் இருக்கும். அது நியாயமானதே. ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். நீங்கள் இரவு பதிந்தது "தெருமுனையில் குப்பை" என்று. காலையில் தூய்மைப் பணியாளர் அள்ளிவிடுகிறார், மேற்பார்வையாளர் சுத்தமான முனையைப் படம் எடுத்துப் புகாரை மூடுகிறார். அவர் கணக்கில் அது தீர்ந்துவிட்டது. குவியல்தான் புகாரே தவிர மண்டபம் அல்ல. அதனால் புகாரை மண்டபத்தின் மீது பதியுங்கள். கொட்டும் ஆளோ வண்டியோ தெரியும்படி, நேரத்தோடு படம் எடுங்கள். ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் தனிப் புகார் எண் வாங்கி ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஏழெட்டு எண்கள் சேர்ந்தபின் அந்தத் தாள்தான் உங்கள் முக்கிய ஆவணம். ஒரே இடத்தில், ஒரே ஆளால், மறுபடி மறுபடி நடப்பதை அது காட்டும். மண்டல அலுவலர் அபராத ரசீதோடு நிறுத்தாமல் உரிமத்தைக் கையில் எடுக்க அது காரணம் கொடுக்கும்.

மனு எழுதும் விதத்தில்தான் பெரும்பாலோர் தோற்கிறார்கள். "மண்டபத்தால் பொதுமக்கள் மிகுந்த அவதிக்குள்ளாகி வருகிறோம், தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்" என்று முடியும் மனுவுக்கு "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே வரி போதும், கோப்பை மூடிவிடலாம். கீழே இருப்பதுபோல எழுதிப் பாருங்கள்:

"மேற்படி மண்டபத்தின் வாயிலிலிருந்து ஏறக்குறைய 30 அடி தூரத்தில், இன்ன எண் மின்கம்பத்தின் அடியில், இன்ன தேதி இரவு 11.40 மணிக்கு உணவுக் கழிவு மூட்டைகள் கொட்டப்பட்டன (படங்கள் 1 முதல் 4). இதே இடத்தில் முன்பு நடந்தவற்றுக்கான புகார் எண்கள் இணைப்பில் உள்ளன. (1) இவற்றுக்கு விதிக்கப்பட்ட அபராதங்களின் ரசீது எண், தேதியைத் தெரிவிக்கவும். (2) இம்மண்டபம் மொத்தக் கழிவு உண்டாக்குபவராகப் பதிவு செய்யப்பட்டுள்ளதா என்பதைத் தெரிவிக்கவும். (3) இல்லையெனில் பதிவு செய்து, கழிவை வளாகத்திலேயே கையாள எழுத்துமூலம் அறிவிப்பு வழங்கவும். (4) தொழில் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது இப்புகார்களைக் கருத்தில் கொள்ளவும்."

நான்கு கோரிக்கைக்கும் ஒரு எண்ணையோ, ஆம் அல்லது இல்லை என்றோதான் பதில் எழுத முடியும். "பரிசீலனை" என்று எழுதினால் பதில் சொல்லவில்லை என்பது மேலதிகாரி கண்ணுக்கே படும். மனுவை மண்டல அலுவலகத்தில் நேரில் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள், அல்லது சேர்ந்ததற்கான ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். கையெழுத்து நூறு தேவையில்லை. அந்தத் தெருவில் கதவு எண்ணோடு பத்துப் பேர் போதும். ஊரெல்லாம் திரட்டிய கையெழுத்தைவிட அதற்கு எடை அதிகம்.

முப்பது நாளில் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு. "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடலாம். "இன்ன தேதியிட்ட என் மனுவின் மீது எழுதப்பட்ட அலுவலகக் குறிப்புகளின் நகல், அது இப்போது இருக்கும் அலுவலரின் பதவிப் பெயர், அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின் நகல், கடந்த மூன்று ஆண்டுத் தொழில் உரிமத்தின் நகல், சொத்துவரிக்கு இக்கட்டடம் எந்தப் பயன்பாட்டில் மதிப்பிடப்பட்டுள்ளது என்ற விவரம்" என்று கேளுங்கள். கடைசி வரியைத் தவறவிடாதீர்கள். வணிகக் கட்டடம் வீடாக வரி கட்டிக்கொண்டிருந்தால், வருவாய்ப் பிரிவு தானாகவே உள்ளே வரும். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்குப் பிறகு தொண்ணூறு நாளுக்குள் தகவல் ஆணையம். இந்தக் கெடுக்களைத் தவறவிட்டால் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும்.

சரி, உண்மையாகவே புது விதி வேண்டும் என்றால்? உதாரணமாக, குடியிருப்புத் தெருக்களில் மண்டபங்கள் முகூர்த்தத்துக்கு முன்பே கழிவு அகற்றும் ஏற்பாட்டைப் பதிவு செய்ய வேண்டும் என்று நகரம் முழுவதற்கும் ஒரு துணை விதி. அதை மாமன்றம் மட்டும் நிறைவேற்றினால் போதாது. வரைவு வெளியாக வேண்டும், பொதுமக்களின் ஆட்சேபணையும் ஆலோசனையும் கேட்க வேண்டும், மாநில அரசு ஒப்புதல் தர வேண்டும், அரசிதழில் வர வேண்டும். இந்தப் பாதையில் நம் மக்கள் வாய் திறப்பது எப்போதும் கடைசிக் கட்டத்தில்தான். சென்னையின் குப்பைக் கட்டணம் இதற்குச் சரியான சாட்சி. வீட்டுக்கு மாதம் 10 முதல் 100 ரூபாய் வரை பயன்பாட்டுக் கட்டணம் என்பது 2019 துணை விதிகளிலேயே இருந்தது. 2021 ஜனவரி முதல் வசூல் என்று மாநகராட்சி அறிவித்தபிறகுதான் பலருக்கும் விஷயமே தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பியது, கட்டணம் நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த விதிகள் வந்தபோது சென்னைக்கு மாமன்றமே கிடையாது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, 2022 பிப்ரவரித் தேர்தலுக்குப் பிறகு மார்ச்சில் புது உறுப்பினர்கள் பதவியேற்கும்வரை அரசு நியமித்த தனி அலுவலர்தான் நிர்வாகம். வரைவைக் கேள்வி கேட்க வார்டுக்கு ஓர் ஆள்கூட இல்லாத ஐந்தாண்டுக்கு மேற்பட்ட காலம் அது. நகரத்துக்கு அதனால் ஏற்பட்ட இழப்பை நாம் இன்னும் முழுதாக அளந்து பார்க்கவில்லை என்பது என் கருத்து.

மாமன்றம் இருந்தாலும் அதன் கை எவ்வளவு நீளும் என்பது வேறு விஷயம். 2022 ஏப்ரலில் சொத்துவரி உயர்ந்தபோது சென்னையின் பழைய பகுதியில் 600 சதுர அடிவரை உள்ள வீட்டுக்கு 50 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் 150 சதவீதம் என்று வந்தது. எல்லோரும் புதிதாக வந்த கவுன்சிலர்கள் மேல் பாய்ந்தார்கள். விகிதத்தைத் தீர்மானித்தது மாநில அரசு. அதற்குப் பின்னால் மத்திய 15-ஆவது நிதிக் குழுவின் நிபந்தனை இருந்தது: சொத்துவரிக்கு அடிப்படை விகிதம் அறிவித்து, மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சிக்கேற்ப உயர்த்தினால்தான் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு மானியம். மாமன்றத்தில் ஆட்சேபணை கேட்டார்கள், பெற்றார்கள், தீர்மானமும் நிறைவேறியது. விகிதம் பெரிதாக மாறுவதற்கு அங்கே இடமே இருக்கவில்லை. ஆட்சேபணை எழுதும்முன் அந்த முடிவு உண்மையில் எங்கே எடுக்கப்படுகிறது என்று பார்த்துக்கொண்டால் உங்கள் உழைப்பு வீண்போகாது.

உங்கள் விஷயத்தில் மாமன்றத்துக்குள் நுழைய நேரான வாசல் பகுதி சபைதான். 2022-ல் வந்த விதிகளின்படி சென்னையில் வார்டுக்குப் பத்துப் பகுதிகள், 200 வார்டுக்கு 2,000 பகுதி சபைகள். அந்தப் பகுதியின் வாக்காளர் எவரும் போய்ப் பேசலாம். ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 ஆகியவை கூட்டத்துக்கான நாட்கள். நவம்பர் 1 உள்ளாட்சி தினத்திலும் கூட்டங்கள் நடந்திருக்கின்றன. கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு இருக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் மாமன்றம் நியமித்த ஒரு பிரதிநிதி அதில் உறுப்பினர். அந்த ஆள் யார் என்று கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே தெரிந்துகொண்டு, உங்கள் கோரிக்கையை மூன்று வரித் தீர்மான வாசகமாக எழுதி அவர் கையில் கொடுங்கள். கூட்டத்தில் எழுந்து தொல்லையை விவரிப்பவர்கள் பலர் இருப்பார்கள். வாசகம் எழுதிக்கொண்டு வருபவர் அபூர்வம். குறிப்பேட்டில் ஏறப்போவது அவர் தாளில் இருப்பதுதான். கூட்டம் முடிந்து கலையும்முன் குறிப்பேட்டில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். "மண்டபம் பற்றிப் புகார் கூறப்பட்டது" என்று இருந்தால், "நடவடிக்கை எடுக்க மண்டலக் குழுவுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது" என்று அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். அந்த வரி இருந்தால் மண்டலக் குழுவின் பொருள் நிரலில் சேர்க்கச் சொல்லிக் கவுன்சிலரிடம் கேட்க உங்களுக்கு ஆதாரம் கிடைத்துவிடும்.

சென்னை அல்லாத ஊர்களில் படிப்பவர்களுக்கு: சட்டம் ஒன்றே. தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் 1998, பல ஆண்டு கிடப்பில் இருந்து, 2023 ஏப்ரலில் புது விதிகளோடு நடைமுறைக்கு வந்து, மாநகராட்சிக்கு ஒன்று நகராட்சிக்கு ஒன்று என்றிருந்த பழைய சட்டங்களின் இடத்தைப் பிடித்தது. சென்னையில் கழிவுநீரை அகற்றும் பொறுப்பு குடிநீர் வாரியத்துடையது. உங்கள் ஊரில் அது மாநகராட்சியிடமே இருக்கலாம். வார்டுக்கு எத்தனை பகுதி சபை என்பதும் மக்கள்தொகையைப் பொறுத்து மாறும். லஞ்சமோ முறைகேடோ இருப்பதாக ஆதாரம் கிடைத்தால் 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் உள்ளாட்சி முறைமன்ற நடுவம் இருக்கிறது. வெறும் தாமதத்துக்கு அங்கே போக வேண்டாம்.

காலத்தையும் கணக்கில் வையுங்கள். 2022 மார்ச்சில் பதவியேற்ற மாமன்றங்களின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் முடிகிறது. தேர்தல் தள்ளிப்போனால் மறுபடி தனி அலுவலர் வருவார், பகுதி சபையும் மண்டலக் குழுவும் இருக்காது. எனவே தீர்மானம் தேவைப்படும் வேலையை அதற்கு முன்னால் முடிக்கப் பாருங்கள். வரைபட நகலுக்கான விண்ணப்பத்துக்கோ காவல் துறைப் புகாருக்கோ மாமன்றம் தேவையில்லை. அவற்றை இந்த வாரமே அனுப்பலாம்.